மாரியில் கலந்த தூள்: போரன் உப ஒட்சைட்டுத் தயாரிப்பில் ஈரம் புகுந்த நிகழ்வு

பின்னணி

திருகோணமலையில் நால்வர் கொண்ட ஒரு சிறிய ஆய்வுக் குழு, வெளிநாட்டு உயரமுக்க ஆய்வுகூடம் ஒன்றுடன் சேர்ந்து போரன் உப ஒட்சைட்டு என்னும் கடினமான, எடை குறைந்த பீங்கான் வகைப் பொருளைத் தயாரிக்க முயன்றபோது நேர்ந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். குழுவில் நானும் ஒருவன். நாங்கள் தூளைக் கலந்து அனுப்புவது, அவர்கள் அதை அமுக்கிச் சூடாக்குவது, பெறப்படும் வில்லைகளை இரு தரப்பும் சோதிப்பது என்பதே ஏற்பாடு. அவர்களுடைய பொறியில் எங்களுக்கு மூன்று முறை மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தது. மூன்றையும் பங்குனி முடிவதற்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

புல்மோட்டைக் கனிய மணல் போன்ற உராயும் பொருள்கள் பாயும் குழாய் முனைகள் விரைவில் தேய்ந்துபோகின்றன என்பதும், அவ்விடத்துக்கு இப்பொருள் உதவுமா என்பதும் எங்கள் விண்ணப்பத்தில் இடம்பெற்றிருந்தன. உண்மையைச் சொன்னால், நான்கு மில்லிமீற்றர் அகலமான வில்லையிலிருந்து எந்தக் குழாய் முனையும் செய்ய முடியாது. பொருளைச் சரியாக ஆக்கும் வழியைக் கற்றுக்கொள்வதே அந்தக் கட்டத்தில் எங்கள் வேலை.

பொருளும் அதை ஆக்கும் முறையும்

போரன் உப ஒட்சைட்டில் ஆறு போரன் அணுக்களுக்கு ஓர் ஒட்சிசன் அணு என்பது முழு விகிதம். பன்னிரண்டு போரன் அணுக்கள் கூடி இருபது முகம் கொண்ட கூடாக அமைய, அக்கூடுகளுக்கு இடையிலுள்ள வெளிகளில் ஒட்சிசன் அமர்கிறது. இரண்டு மூலகங்களும் பாரமற்றவை என்பதால் பொருளின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2.6 கிராம் மட்டுமே. வைரத்துக்கு அது 3.51, வைரத்தை அடுத்த கடினமுள்ள கனவடிவப் போரன் நைத்திரைட்டுக்கு 3.48, உருக்குக்கு 7.8 அளவில் இருக்கும். இதன் தனிப் பளிங்கில் 45 கிகாபஸ்கால் கடினம் அளக்கப்பட்டதாக 2002இல் வெளியான அளவீடு, கனவடிவப் போரன் நைத்திரைட்டுக்கு அருகே இதைக் கொண்டுபோய் வைத்தது. பல மணிகள் ஒட்டி உருவான வில்லைகளில் அந்த அளவு கிடைப்பதில்லை.

பதினாறு பங்கு போரன் அணுவுடன் ஒரு பங்கு போரன் மூவொட்சைட்டு சேர்ந்தால் மூன்று பங்கு உப ஒட்சைட்டு கிடைக்கும். எடையில் பார்த்தால், பத்துக் கிராம் கலவையில் 7.13 கிராம் போரனும் 2.87 கிராம் மூவொட்சைட்டும் இருக்க வேண்டும். சாதாரண அமுக்கத்திலும் இத்தாக்கம் நடக்கும். ஆனால் தேவையான வெப்பநிலையில் மூவொட்சைட்டு ஆவியாகத் தப்பிவிடுவதால், ஒட்சிசன் குறைந்த, பளிங்குத்தன்மை மட்டமான தூளே மிஞ்சும். அமுக்கம் ஒட்சிசனை உள்ளே பிடித்து வைக்கிறது. நாங்கள் தீர்மானித்திருந்தது 5 கிகாபஸ்கால், அதாவது வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ ஐம்பதாயிரம் மடங்கு. வெப்பநிலை 1,700 பாகை செல்சியஸ். பூமிக்குள் ஏறத்தாழ 150 கிலோமீற்றர் ஆழத்தில் நிலவும் அமுக்கம் அது.

இந்த அமுக்கத்தில் மாதிரி தனியே இருப்பதில்லை. போரன் காபனைத் தொட்டால் காபைட்டாக மாறிவிடும் என்பதால், மாதிரியைச் சுற்றி அறுகோணப் போரன் நைத்திரைட்டுச் சிமிழ். அதற்கு வெளியே மின்சாரம் பாய்ந்து சூடேறும் காரீயக் (பென்சில் கரி, அதாவது கிராபைற்று) குழாய். அதற்கும் வெளியே பைரோபிலைட்டுக் கல்லாலான உறை. எல்லாவற்றையும் நெருக்குபவை தங்குதன் காபைட்டு அடைகற்கள். இவ்வளவும் ஒரு தேசிக்காய் அளவுக்குள் அடங்கிவிடும். பின்னால் இந்த அடுக்குகளில் எது பிழைத்தது என்பதே சர்ச்சையானதால் இதைச் சற்று விரித்துச் சொன்னேன்.

கலவை தயாரான நாட்கள்

கார்த்திகை நடுப்பகுதி. வாடைக் காற்றும் வடகீழ்ப் பருவமழையும் சேர்ந்து, சுவரில் சாய்த்து வைத்த காகித அட்டைகூட நிமிர்ந்து நிற்காமல் வளையும் காலம். எங்கள் ஆய்வறையில் குளிரூட்டி இருந்தது; ஈரம் நீக்கிய கையுறைப் பெட்டி இருக்கவில்லை. ஏற்கனவே திறந்து பயன்படுத்திய போத்தலிலிருந்து மூவொட்சைட்டை எடுத்து, பழுப்பு நிறமான பளிங்கற்ற போரன் தூளுடன் அகேற்று உரலில் உலர்வாகவே அரைத்தோம். அற்ககோல் விட்டு அரைத்தால் அது மூவொட்சைட்டுடன் தாக்கமுறும் என்பது தெரிந்திருந்ததால் அதைத் தவிர்த்தோம். அந்த அளவுக்கு யோசித்தவர்கள், அறையின் காற்றைப் பற்றி யோசிக்கவில்லை.

அரைத்து முடித்த மாலை கலவையின் எடை 10.00 கிராம். அன்றிரவு மின்வெட்டு, மறுநாளும் அதற்கடுத்த நாளும் மழை காரணமாக எவரும் வரவில்லை. தூள் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட உலர்த்திக்குள் இருந்ததால் கவலைப்பட ஒன்றுமில்லை என்றே நினைத்தோம். மூன்றாம் நாள் காலை இளநிலை ஆய்வாளர் தூளை எடுத்துச் சிறு வில்லைகளாக அமுக்குவதற்கு முன்னர் நிறுத்துப் பார்த்து, 10.31 கிராம் எனக் குறிப்பேட்டின் வேறொரு பக்கத்தில் எழுதினார். முதல் எடையை எழுதியவர் வேறொருவர். இரண்டு எண்களும் ஒரே பக்கத்தில் வந்திருந்தால் இந்த ஆய்வறிக்கையே தேவைப்பட்டிராது.

வில்லைகள் அன்று பகல் மேசையில் திறந்தபடி இருந்தன. கருவிகளைத் துப்புரவு செய்துவந்த ஆய்வு உதவியாளர் அவற்றைக் கண்டு பொறுப்பாளரிடம் சொன்னார்:

“சேர், இதில பூஞ்சணம் பிடிச்ச மாதிரிக் கிடக்கு.”

கறுத்த பழுப்பு வில்லைகளின் விளிம்பில், ஊசிமுனைப் புள்ளிகளாக வெண்மை பூத்திருந்தது. பொறுப்பாளர் அருகே வந்து பார்த்தார்.

“தூசாயிருக்கும் அக்கா. மெதுவாத் துடைச்சுப்போட்டுப் பெட்டிக்குள்ள வையுங்கோ.”

அவர் அப்படியே துடைத்து வைத்தார். நானும் அந்த மேசைக்கருகில்தான் நின்றேன்; எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அந்த வெண்மை போரிக்கமிலம். கரம் பலகையில் காய் வழுக்கிச் செல்லத் தூவுகிறோமே, அதே தூள். மூவொட்சைட்டு காற்றிலுள்ள நீரை உறிஞ்சி அமிலமாக மாறுவது பள்ளிக்கூடத்துப் பாடம். பூஞ்சணம் போரிக்கமிலத்தில் வளராது என்பதும் வீட்டுக்கு வீடு தெரிந்த செய்திதான். உதவியாளர் தந்த பெயர் தவறாக இருந்தாலும் அவர் கண்டது சரி. எங்களிடம் பெயர்கள் எல்லாம் சரியாக இருந்தன, காட்சியைத்தான் தவறவிட்டோம்.

முதல் இரண்டு முயற்சிகள்

மார்கழியில் முதல் வில்லை பொறிக்குள் போனது. கூட்டு ஆய்வுகூடம் அனுப்பிய பதிவின்படி, அறை வெப்பநிலையில் 5 கிகாபஸ்கால் வரை அமுக்கம் குறைவின்றி ஏறியது. சூடாக்கத் தொடங்கி 600 பாகையைத் தாண்டியதும், காரீயக் குழாய் இழுக்கும் மின்வலு நேர்கோட்டில் ஏறாமல் ஏறி இறங்கி அசைந்தது. 1,150 பாகைக்கு அருகில் உறை வெடித்து அமுக்கம் ஒரேயடியாக விழுந்தது. அடைகல் ஒன்று குறுக்கே பிளந்துபோனது. மாதிரியில் மீட்கத்தக்கதாக எதுவும் எஞ்சவில்லை.

இரண்டாம் முறை அவர்கள் சூடாக்கும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தனர். மின்வலு மறுபடியும் அசைந்தது, ஆனால் உறை தாங்கியது. 1,700 பாகையில் இருபது நிமிடம் வைத்துக் குளிர்வித்து எடுத்த வில்லை, பார்வைக்குக் கறுப்பாகவும் விளிம்பில் நுண்துளைகளுடனும் இருந்தது. எக்ஸ் கதிர்ப் பளிங்குச் சோதனையில் உப ஒட்சைட்டின் கோடுகள் தெளிவாக இருந்தன. கூடவே கண்ணாடித்தன்மையான ஏதோ ஒன்றைக் காட்டும் அகன்ற மேடும் இருந்தது. விக்கர்ஸ் கடினம், அதாவது வைர முனையை அழுத்திப் பதியும் குழியைக் கொண்டு அளக்கும் கடினம், சராசரியாக 19 கிகாபஸ்கால். எதிர்பார்த்ததில் பாதி என்று தாராளமாகச் சொல்லலாம்.

தபாலில் எங்களுக்கு வந்த அரை வில்லை ஒரு கிழமை மேசையில் கிடந்தது. ஒரு நாள் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, உடைந்த முகத்திலுள்ள துளைகளின் வாயில் அதே வெண் புள்ளிகள். இம்முறை யாரும் துடைக்கவில்லை.

காரணத்தைத் தேடியது

இடையில் இரு தரப்புக்கும் கடிதப் போக்குவரத்துச் சற்றுச் சூடாகவே இருந்தது. பைரோபிலைட்டு தன் அமைப்பிலேயே நீரைக் கொண்டது, உயர் வெப்பத்தில் அதை வெளிவிடும் என்பதால் பிழை உறையில் என்றோம். தூளைத் தயாரித்த சூழல் பற்றி அவர்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கு நாங்கள் ஒரு வரியில் பதில் எழுதியிருந்தோம். இப்போது அக்கடிதங்களைத் திரும்பப் படிக்க எனக்கு விருப்பமில்லை. பிளந்த அடைகல்லின் விலையும் அந்தச் சூட்டுக்கு ஒரு காரணம்.

அரை வில்லையில் கண்ட வெண்மைதான் எங்களைக் குறிப்பேட்டுக்குத் திருப்பியது. 10.00 என்ற எண்ணும் 10.31 என்ற எண்ணும் அன்றுதான் முதன்முறையாக அருகருகே வைத்துப் பார்க்கப்பட்டன. மிஞ்சியிருந்த ஆறு கிராமில் இரண்டு கிராமை எடுத்து, எதனோடும் தாக்கமுறாத ஆகன் வாயு ஓடும் குழாய் உலையில் 400 பாகை வரை மெல்லச் சூடாக்கினோம், 0.06 கிராம் குறைந்தது. இரண்டு வழியிலும் ஒரே விடை: கலவையின் எடையில் மூன்று வீதம் நீர். பிறகு உலர்த்தியைத் திறந்து பார்த்தோம். நீலமாக இருக்க வேண்டிய சிலிக்கா ஜெல் மணிகள் அத்தனையும் வெளிறிய இளஞ்சிவப்பு. அவை எந்த மாதத்தில் நிறம் மாறின என்று எங்களில் எவராலும் சொல்ல முடியவில்லை.

மூன்று வீதம் என்பது காதுக்குச் சிறிதாகப் படும். சிமிழில் வைத்த மாதிரி கால் கிராம். அதில் நீர் 7.5 மில்லிகிராம். சூடேறும்போது இந்நீர் போரனை ஒட்சியேற்றி, தான் ஐதரசனாகப் பிரியும். அவ்வளவு நீரிலிருந்து வரும் ஐதரசன் சாதாரண நிலையில் 9 மில்லிலீற்றருக்கு மேல் இடம் பிடிக்கும். மாதிரியோ ஒரு மில்லிலீற்றரின் சிறு பங்கு. உருகிய போரேற்றும் நீராவியும் காரீயக் குழாயை அரித்திருந்தால் மின்வலு அசைந்ததற்கும், வாயு உறையின் பலவீனமான இடத்தைத் தேடிச் சென்றிருந்தால் வெடிப்புக்கும் விளக்கம் கிடைக்கிறது.

இரண்டாம் வில்லையின் மென்மைக்கும் இதே கணக்கு பொருந்துகிறது. பத்துக் கிராம் கலவையில் புகுந்த 0.31 கிராம் நீர், 0.12 கிராம் போரனை எரித்து 0.40 கிராம் மூவொட்சைட்டைப் புதிதாக உண்டாக்கும். ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடுவதால், முடிவில் கிட்டத்தட்ட 0.45 கிராம் மூவொட்சைட்டு துணையில்லாமல் மிஞ்சும். அது மணிகளுக்கிடையே உருகி, குளிரும்போது மென்மையான கண்ணாடியாக உறைந்து, பின்னர் மேசையில் கிடந்து ஈரம் குடித்துப் பூக்கும். மேலதிக மூவொட்சைட்டு எப்போதும் தீது என்பதல்ல. உப ஒட்சைட்டின் மணிகள் இருபது முக வடிவிலேயே வளர்வதை 1998இல் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தவர்கள் பயன்படுத்தியதும் 4 முதல் 5.5 கிகாபஸ்கால் வரையான அமுக்கம்தான், அத்தகைய வளர்ச்சிக்கு உருகிய மூவொட்சைட்டு ஊடகமாக உதவும். ஆனால் பளிங்கு வளர்ப்பவருக்கு வேண்டியது வேறு, இறுகிய கட்டி தேடுபவருக்கு வேண்டியது வேறு.

எடுத்த முடிவு

மூன்றாவது முறையைக் காரணம் தெரியும்வரை பயன்படுத்துவதில்லை என்று முதலில் முடிவு செய்தோம். அதன்பின் நான்கு வழிகள் பேசப்பட்டன. கலவையையும் அவர்களே செய்துவிடட்டும் என்பது எளிய வழி. அப்படியானால் எங்கள் பங்கு என்று எதுவும் எஞ்சாது என்பதோடு, எதையும் கற்றுக்கொள்ளவும் மாட்டோம். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி வரை பொறுத்திருக்கலாம் என்றார் ஒருவர். ஒதுக்கிய காலம் பங்குனியோடு முடிகிறது. மூவொட்சைட்டை 1,000 பாகையில் உருக்கி நீரை முற்றாக விரட்டலாம் என்பது நூல்களில் காணும் வழி. ஆனால் அந்த உருகல் சாதாரண மட்பாண்டக் குகையை (உருக்கும் கிண்ணத்தை)க் கரைத்துத் தன்னை அழுக்காக்கிக்கொள்ளும். பிளாற்றினக் குகை எங்களிடம் இல்லை. இருந்தாலும்கூட, உருக்கிய கட்டியைத் திரும்ப இடித்து அரைப்பது அதே காற்றில்தானே?

நான்காவது வழியை முன்வைத்தவர் 10.31 என எழுதிய அதே இளநிலை ஆய்வாளர். ஈரத்தை எதிர்த்து நிற்க முடியாதென்றால், ஏற்கனவே ஈரம் குடித்து முடித்த பொருளையே நிறுத்துப் போடுவோம் என்பது அவருடைய வாதம். போரிக்கமிலம் எங்கள் காற்றில் எடை மாறாமல் இருக்கும். அதைச் சூடாக்கினால் எடையில் 43.7 வீதம் நீராகப் போய் மூவொட்சைட்டு எஞ்சும். ஆகவே 2.87 கிராம் மூவொட்சைட்டுக்குப் பதிலாக 5.10 கிராம் போரிக்கமிலத்தைப் போரனுடன் அரைத்து, கலவையை ஆகனில் சூடாக்கி, 2.23 கிராம் குறைந்ததும் காற்றுப் படாமல் அடைத்துவிடலாம். பொறுப்பாளர் இரண்டு நாள் தயங்கினார். சூட்டில் வெளிவரும் நீராவி போரனைத் தாக்காதா என்பது அவருடைய ஐயம்; அது நியாயமானதும்கூட. அதனால் 170 பாகையில் நெடுநேரம் வைத்து நீரில் பெரும்பகுதியை விரட்டிய பிறகே 400 பாகைக்கு ஏற்றுவது என்று உடன்பட்டோம்.

மாசி முதல் கிழமை இதைச் செய்தோம். குழாயின் குளிர்ந்த முனையில் மெல்லிய வெண் படலம் ஒன்று உறைந்தது. நீராவி தன்னோடு சிறிது போரிக்கமிலத்தையும் இழுத்துச் செல்லும் என்பதை அப்போதுதான் கண்ணால் கண்டோம். குறைந்த எடை 2.26 கிராம். கணக்குக்கு மேல் போன 0.03 கிராம் அந்தப் படலம் என்று கொண்டோம். சூடு தணிந்ததும் தூளை ஆகன் நிரப்பிய கண்ணாடிக் குப்பிகளில் பகிர்ந்து, கழுத்தைத் தீயில் உருக்கி அடைத்து, ஒவ்வொன்றின் எடையையும் குப்பியின் மீதே எழுதினோம். வில்லையாக அமுக்குவதை அவர்களுடைய கையுறைப் பெட்டிக்குள் செய்யுமாறு கேட்டுக்கொண்டோம். முன்னைய கடிதங்களுக்காக வருத்தமும் தெரிவித்தோம்.

மூன்றாவது முயற்சி

பங்குனியில் நடந்தது. மின்வலு தொடக்கம் முதல் இறுதிவரை அசையாமல் ஏறியது. அதே 5 கிகாபஸ்கால், அதே 1,700 பாகை, அதே இருபது நிமிடம். கிடைத்த வில்லையின் அடர்த்தி 2.57, எக்ஸ் கதிர்ச் சோதனையில் அகன்ற மேடு பெரும்பாலும் மறைந்திருந்தது. விக்கர்ஸ் கடினம் சராசரி 32 கிகாபஸ்கால். பாரத்தைக் கூட்டியபோது இந்த எண் சிறிது இறங்கியது. பதிந்த குழியின் மூலைகளிலிருந்து நேரான வெடிப்புகள் ஓடின. கடினம் கிடைத்தாலும் இப்பொருள் எளிதில் பிளப்பது என்பதற்கு அவை சான்று. வெந்நீரில் ஒரு நாள் ஊறவைத்தபின் எடையில் கண்டுகொள்ளத்தக்க குறைவில்லை. இருபது முக மணிகள் எவையும் தென்படவில்லை. அவற்றை நாங்கள் எதிர்பார்க்கவுமில்லை.

மாற்றியவையும் தீராததும்

இப்போது ஒவ்வொரு தொகுதிக்கும் குறிப்பேட்டில் ஒரே ஒரு பக்கம். எந்த எடையை எவர் எடுத்தாலும் அந்தப் பக்கத்திலேயே எழுத வேண்டும். ‘கண்ணுக்குத் தெரிந்தது’ என்று ஒரு நிரலும் சேர்த்திருக்கிறோம். அதில் எழுதப் பட்டம் தேவையில்லை என்பதால் உதவியாளரும் எழுதுகிறார். அவர் எழுதுபவற்றை விளக்கம் கிடைக்கும்வரை யாரும் துடைக்கக் கூடாது. சிலிக்கா ஜெல் மணிகளைத் திங்கட்கிழமை தோறும் பார்த்து, நிறம் மாறியிருந்தால் அடுப்பில் காயவைக்கிறோம்.

மறைக்கக் கூடாத குறை ஒன்றும் உண்டு. மூன்றாவது முயற்சியில் தூளை மட்டும் நாங்கள் மாற்றவில்லை. அதே காலத்தில் கூட்டு ஆய்வுகூடத்தார் போரன் நைத்திரைட்டுச் சிமிழையும் முன்கூட்டியே வெற்றிடத்தில் சுட்டு உலர்த்தியிருந்தார்கள். அழுத்திச் சுட்ட போரன் நைத்திரைட்டில் மூவொட்சைட்டு பிணைப்பாக இருப்பது வழக்கம். அதுவும் ஈரம் குடிக்கும். ஆகவே முதலிரு முயற்சிகளில் நீர் தூளிலிருந்து மட்டும் வந்தது என்று எங்களால் நிறுவ முடியாது. எடைக் கணக்கு தூளையே சுட்டுகிறது என்றாலும், உலர்ந்த சிமிழில் ஈரத் தூளை வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்த்தால்தான் வழக்கு முடியும். இன்னோர் அடைகல்லைப் பலியிடக்கூடிய அந்த ஓட்டத்துக்கு எவரும் இன்னும் பொறியைத் தர முன்வரவில்லை. கார்த்திகைக் கலவையில் மிஞ்சிய நான்கு கிராம், அதற்காகவே குப்பியில் அடைத்து, தேதியும் நீர் வீதமும் எழுதி, அலுமாரியின் மேல்தட்டில் வைக்கப்பட்டிருக்கிறது.